சிலையாகத் தொடங்கி கல்வெட்டாக முடிந்த நினைவு: சீகன்பால்கு 300-ஆம் ஆண்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018-ஆம் ஆண்டு நடுவில், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் லுத்தரன் குருசேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதியில்) ஒரு பேச்சு எழுந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறந்தது 1719 பிப்ரவரி 23. வரும் பிப்ரவரியில் 300 ஆண்டு நிறைகிறது. நம் சபை சார்பில் என்ன செய்வது?

சபைச் சங்கத்தின் கையில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ஆலயத்தை ஒட்டிய நடுநிலைப் பள்ளியின் வாசலில் மார்பளவுச் சிலை, அதன் கீழே கிரானைட் கல்வெட்டு, ஒரு நாள் விழா. சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சிலைக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆயர், சங்கச் செயலாளர், பள்ளித் தலைமையாசிரியை, இளைஞர் ஐக்கியத்திலிருந்து ஒரு பெண், பழைய மாணவர் சங்கப் பொறுப்பாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று குழு அமைந்தது. தமிழாசிரியர் சபையைச் சேர்ந்தவர் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசி வருபவர். வரலாற்றுத் தரவுகளைச் சரிபார்க்க என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதே வேலையில் இறங்கப்போகும் வேறு சபைகளுக்கும் பள்ளிகளுக்கும் பயன்படட்டும் என்று, ஊர் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லாமல் இதை எழுதுகிறேன்.

யாரை நினைவுகூர்கிறோம்

சீகன்பால்கு சாக்சனியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் ஊரில் 1682-ல் பிறந்த ஜெர்மானியர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, தோழர் ஹென்ரிக் புளூட்சாவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து டேனியர் பெற்ற இடம் அது. டேனிஷ்பர்க் கோட்டையும் வணிகக் கம்பெனியும் அங்கே வேரூன்றி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அரசர் செலவில் வந்தவர் என்பதால் கம்பெனி ஆட்கள் கைகொடுத்திருப்பார்கள் என்று யாரும் நினைக்கலாம். நடந்தது வேறு. வந்த நாளிலிருந்தே கோட்டைத் தலைவர் ஹாசியுஸுக்கு இவரைப் பிடிக்கவில்லை. ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் தலையிட்டார் என்று 1708 நவம்பரில் பிடித்து அடைத்தவர்கள், நான்கு மாதம் கழித்து 1709 மார்ச்சில்தான் விட்டார்கள். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கிறோமே, அதே கோட்டையில்தான்.

அவர் செய்ததாக ஆவணங்களில் நிற்பவை நிறைய. 1707-ல் ஆலயம், பள்ளிகள். 1714–15-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சு. 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் இலத்தீனில் வெளிவந்த தமிழ் இலக்கணம். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம். அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்து, அந்த ஆலயத்தின் பலிபீடத்தருகே அடக்கமானார். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ்ச் சமயங்களைப் பற்றி அவர் எழுதி 1713-ல் முடித்த நூலை ஹாலேயில் இருந்த மிஷன் மேலிடம் அச்சிட மறுத்துவிட்டது. புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர்கள் நிலை. 1867-ல்தான் அது அச்சேறியது.

முதல் வரைவு

கல்வெட்டு வாசகத்தைச் செயலாளர் எழுதிக்கொண்டு வந்தார். பெரும்பாலும் பழைய விழா மலர்களிலிருந்து எடுத்தது. ஏறக்குறைய எல்லா வரியிலும் 'முதல்' இருந்தது. இந்தியாவின் முதல் அச்சகம், தமிழை முதலில் அச்சேற்றியவர், முதல் தமிழ் வேதாகமம், முதல் காகித ஆலை, இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் குரு.

வரி வரியாக எடுத்துப் பார்த்தோம். இந்தியாவுக்கு அச்சு எந்திரம் வந்தது 1556-ல், கோவாவுக்கு, இயேசு சபையார் வழியாக. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578-ல். அதைச் செய்த அண்டிரிக் அடிகளாருக்கும் சீகன்பால்குவுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி. வேதாகமம் என்று எழுதினால் முழு நூல் என்று ஆகிவிடும். சீகன்பால்கு அச்சிட்டது புதிய ஏற்பாடு. பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்துவிட்டு இறந்துபோனார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சுல்ட்சே. பொறையாற்றில் 1715-ல் காகித ஆலை தொடங்கியது உண்மை. ஆனால் இந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கையால் காகிதம் செய்திருக்கிறார்கள்.

முதல் புராட்டஸ்டண்ட் குரு என்ற வரியில்தான் சூடு ஏறியது. தரங்கம்பாடியிலேயே ஐரோப்பியருக்கான சீயோன் ஆலயம் 1701-ல் வந்துவிட்டது. அங்கே டேனிய குருமார் இருந்தார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியின் குருவாக ஆபிரகாம் ரோஜேரியஸ் அதற்கும் வெகு முன்பே இருந்து, இந்து சமயத்தைப் பற்றிப் புத்தகமே எழுதிப் போயிருந்தார். இவர்களெல்லாம் கம்பெனிக்காரர்களுக்காக வந்தவர்கள். இந்திய மக்களிடையே வேலை செய்யவென்றே அனுப்பப்பட்டவர்கள் என்று சொன்னால் சீகன்பால்குவும் புளூட்சாவும் முன்னால் வருகிறார்கள். ஆனால் அப்போதும் அது ஒருவர் இல்லை, இருவர்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றோம். நீங்க ஒவ்வொண்ணா எடுத்துட்டா என்ன மிஞ்சும்?" என்று செயலாளர் கேட்டார். கோபத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

கூட்டத்தில் கேட்டவை

விஷயத்தைப் பெற்றோர், பழைய மாணவர், சபையார் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசலாம் என்றார் தலைமையாசிரியை. பள்ளியில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் பிள்ளைகள். வாசலில் என்ன வைத்தாலும் தினம் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கூட்டத்தில் மூன்று விஷயங்கள் வெளிவந்தன. வெள்ளைக்காரருக்கு எதற்கு இன்னொரு சிலை, தரங்கம்பாடியில்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். காலனி அரசின் ஆள் என்பது அவர் வாதம். அந்தக் காலனிக் கோட்டையே அவரைப் பிடித்து அடைத்த கதையைச் சபைப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் பாதி பாதி உண்மை. ராஜா சம்பளத்தில் வந்தவர், அந்த ராஜாவின் அதிகாரியிடமே சிறைப்பட்டவர். இரண்டையும் ஒரே கல்லில் எழுத முடியாதா என்று தமிழாசிரியர் கேட்டபோதுதான் வாசகத்தை வேறு மாதிரி யோசிக்கலாம் என்று எல்லோருக்கும் பட்டது.

அடுத்தது இளைஞர் ஐக்கியப் பெண் கேட்டது. "அந்தக் கோயில்ல எங்க ஆளுங்க எங்க உட்கார்ந்தாங்கன்னு எழுதுவீங்களா?" அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அந்த மிஷனின் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்தது ஆவணங்களில் உள்ள செய்தி. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. "விழாவுக்கு வர்றவங்ககிட்ட ஏன்மா இதெல்லாம்" என்று ஒரு பெரியவர் சொல்ல, அந்தப் பெண் பிடிகொடுக்கவில்லை.

மூன்றாவது, எதிர்பாராமல் வந்தது. சீகன்பால்கு 1708-லேயே கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார் என்று தமிழாசிரியர் பேச்சுவாக்கில் சொன்னார். பின்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, "கொன்றை வேந்தனா? எங்க பையன் மூணாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்றானே அதுவா?" என்றார். அதுவரை சபைக் கூட்டத்துக்கு வந்த விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். அவருக்கு யார் தமிழ் சொல்லிக் கொடுத்தது, எங்கே உட்கார்ந்து படித்தார், எவ்வளவு நாளில் பேச வந்தது என்று வரிசையாகக் கேள்விகள்.

அதற்கு நல்ல பதில் உண்டு. எழுபது வயது திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்து, பள்ளியையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ள வைத்து, சீகன்பால்குவும் புளூட்சாவும் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பல மொழி தெரிந்த, முன்பு கம்பெனியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அழகப்பன் பேச்சுத் தமிழைச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார் பாட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவர். 1709-ல் ஞானஸ்நானம் பெற்றார். சீகன்பால்கு சேர்த்த தமிழ் ஏடுகள் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி 1708-ல் பட்டியலே போட்டுவிட்டார். இத்தனை பேர் பின்னால் நின்ற வேலையை ஒரே ஒரு மார்பளவு ஆளாக நிறுத்தலாமா என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

கஜாவுக்குப் பிறகு

நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் பக்கம் சேதம் குறைவு. மாவட்டத்தின் தென்பகுதியில் தென்னையும் கூரையும் மின்கம்பமும் அடியோடு போயின. சபை மக்களில் பலருக்குச் சொந்தக்காரர்கள் அங்கே. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் எழுந்து, சிலைக்காகச் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதியை நிவாரணத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி ஏற்றிய வண்டி அந்த வாரமே கிளம்பியது.

சிலையைக் கைவிட்டது கொள்கை முடிவு என்று பிறகு சிலர் அழகாகச் சொன்னார்கள். புயல் வராமல் இருந்திருந்தால் சிலை வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஸ்தபதியிடம் முன்பணம் கொடுக்காமல் இருந்தது நல்ல காலம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிசம்பரில் குழு மறுபடி கூடியது. கையில் இருந்த பணத்துக்கு ஒரு கல்வெட்டும் சின்னக் கண்காட்சியும் செய்யலாம். சிலை இல்லை என்றானதும் அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் வேலையும் போயிற்று. முடிவுகள் இப்படி அமைந்தன.

கல்வெட்டில் 'முதல்' என்ற சொல் வர வேண்டுமானால் ஆண்டும் ஆதாரமும் கேள்விக்கு இடமில்லாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றது ஒன்றுதான்: 1715-ல் முழுமையாக அச்சான புதிய ஏற்பாடு, தமிழில் மட்டுமில்லை, இந்திய மொழிகளிலேயே முதல். மற்ற வரிகள் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதோடு நின்றன. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார் என்பதே போதும், பெருமை அதில் குறையாது என்று தலைமையாசிரியை சொன்னதும் செயலாளர் தலையாட்டினார்.

புளூட்சாவின் பெயரும் சேர்ந்தது. அவரோடு, தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள்: மூத்த வாத்தியார், அழகப்பன், கணபதி வாத்தியார். மூத்த வாத்தியார் கிறிஸ்தவராகவில்லையே, ஆலய வளாகத்தில் அவருக்கு ஏன் இடம் என்று ஒருவர் கேட்டார். அவர் இல்லாமல் இவர் 'அ' எழுதியிருக்க முடியாது என்று ஆயர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிறைவாசம் ஒரு வரி. அரசர் அனுப்பினார் என்பதும் ஒரு வரி. இரண்டும் அடுத்தடுத்து வரும்படி வைத்தோம்.

1707 மே 12 அன்று நடந்த முதல் ஞானஸ்நானம் பற்றி எழுதுவதில் இழுபறி. அன்று ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். அடிமை என்று எழுதினால் ஊருக்கு அசிங்கம் என்றார்கள் சிலர். அடிமை வைத்திருந்தவர்களுக்குத்தான் அசிங்கம் என்று தலைமையாசிரியை அறுத்துச் சொல்ல, வரி கல்லில் ஏறியது.

சாதிவாரி இருக்கை பற்றிய செய்தி கல்லில் வரவில்லை. அதைக் கண்காட்சிப் பலகையில் வைப்பது என்று சமரசம் ஆனது. அந்தப் பெண் ஒப்புக்கொண்டாள். திருப்தியாக ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆயர் இரு தரப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் இப்படிச் செய்தார். அந்த நிலையில் அது புரிந்துகொள்ளக்கூடியது. வரலாற்று ஆவணத்தில் இருக்கும் ஒரு செய்தியை யார் மனமும் நோகாத இடமாகப் பார்த்து நகர்த்தியது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை.

மிச்சப் பணத்தில் சபையின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பைண்டிங் செய்வது என்றும் முடிவானது. கரையான் ஏறிக்கொண்டிருந்த நோட்டுகள் அவை. இந்த யோசனைக்கு மட்டும் எதிர்ப்பே இல்லை.

கல் வெட்டும் இடத்தில்

இப்போதெல்லாம் உளி பிடித்து வெட்டுவது அபூர்வம். வாசகத்தைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து, ஸ்டிக்கரில் எழுத்துகளை வெட்டி எடுத்து, கல்லில் ஒட்டி, மணலைக் காற்றழுத்தத்தில் அடித்தால் எழுத்துப் பள்ளம் விழுகிறது. பிறகு தங்க நிறப் பெயின்ட். கூலி எழுத்துக் கணக்கில். மெய்யெழுத்துகளின் புள்ளிக்குத் தனிக் காசா என்று தமிழாசிரியர் விளையாட்டாகக் கேட்க, "புள்ளி நம்ம கணக்கு சார்" என்றார் கடைக்காரர்.

ஸ்டிக்கர் ஒட்டியதும் மணல் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். தமிழாசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து, வாய்விட்டு, எழுத்தெழுத்தாகக் கீழிருந்து மேலாகப் படித்தார். மேலிருந்து படித்தால் மனசு தானாகவே சரியாகப் படித்துவிடும் என்பது அவர் கணக்கு. தரங்கம்பாடியில் இறங்கிய ஆண்டு 1760 என்று விழுந்திருந்தது. அந்த ஆண்டுக்கு சீகன்பால்கு இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல். கடைக்காரர் பிளேடால் இரண்டு இலக்கங்களை உரித்து மாற்றி ஒட்டினார். மணல் அடித்த பிறகு கண்ணில் பட்டிருந்தால் கல்லே வீண்.

விழா நாளும் பிறகும்

2019 பிப்ரவரி 23, சனிக்கிழமை. காலையில் ஆராதனை, பிறகு கல்வெட்டுத் திறப்பு, மதியம் வரை கண்காட்சி. அச்சு பற்றிய பலகை முன்னால்தான் கூட்டம். இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் வந்த கதை, ஹாலேயில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது, பிறகு சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தது எல்லாம் அதில் இருந்தது. பிள்ளைகளுக்காகத் தாம்பாளத்தில் மணல் பரப்பி, எழுதிப் பார்க்க வைத்தோம். கொன்றை வேந்தன் பலகையின் முன் நின்று மூன்றாம் வகுப்புப் பையன்கள் போட்டி போட்டு ஒப்பித்தார்கள்.

சாதி இருக்கை பற்றிய பலகை கடைசியில், ஜன்னல் ஓரம். பெரியவர்கள் படித்தார்கள், பேசாமல் நகர்ந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் தன் பேத்தியிடம் தன் சின்ன வயதில் ஊர்க் கோயிலில் எப்படி இருந்தது என்று நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்லதும் கெட்டதும் பிறகு வந்தன. பழைய மாணவர் சங்கப் பொறுப்பாளர் சிலை இல்லாத விழாவுக்கு வரவில்லை; தருவதாகச் சொன்ன மீதித் தொகையும் வரவில்லை. அதைச் செயலாளர் தன் கையிலிருந்து போட்டு ஈடுகட்ட வேண்டியதாயிற்று. 'முதல்' எல்லாம் போய்விட்டதே என்ற முணுமுணுப்பு சபையில் இன்னும் இருக்கிறது. இன்னொரு பக்கம், கல்வெட்டில் இருக்கும் எதையும் இதுவரை ஒருவரும் தவறென்று காட்டவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகும் வழியில் பிள்ளைகளை இங்கே இறக்கி, கல்லைப் படிக்கச் சொல்லி அழைத்துப் போகிறார்கள். பைண்டிங் செய்த பதிவேட்டில் தன் கொள்ளுப்பாட்டியின் ஞானஸ்நானத்தைக் கண்டுபிடித்த ஒரு குடும்பம், கேட்காமலேயே பதிவேட்டு அலமாரிக்குப் பணம் கொடுத்தது.

இன்னொரு முறை என்றால்

எதை வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே பெற்றோரையும் பழைய மாணவரையும் கூப்பிட வேண்டும். சிலை என்று சொல்லிப் பணம் கேட்டுவிட்டு, பிறகு கல்வெட்டு என்று மாற்றியதுதான் பொறுப்பாளருக்குக் கோபம். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எதற்கு என்று குறிப்பிடாமல் நினைவு நிதி என்று வாங்கியிருந்தால் அந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

வாசகத்தைச் சரிபார்க்க விழா மலர்கள் போதாது. அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. பத்து மலர்களில் ஒரே செய்தி இருந்தாலும் அது ஒரே சாட்சிதான். ஆண்டு, இடம், ஆள் மூன்றும் தனித்தனியே வேறு நூலில் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகே கல் கடைக்குப் போக வேண்டும். ஸ்டிக்கர் நிலையில் இருவர் படிப்பதை விடவே கூடாது.

கண்காட்சிப் பலகைகளைச் செலவு குறையும் என்று ஃபிளெக்ஸில் அடித்தோம். ஜன்னல் வெயிலில் மே மாதத்துக்குள் நிறம் போய்விட்டது. அச்சுப் பலகையையும் கொன்றை வேந்தன் பலகையையும் பள்ளி மறுபடி அடித்து மாட்டிக்கொண்டது. சாதி இருக்கை பற்றிய பலகையை யாரும் மறுபடி அடிக்கவில்லை. சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்திருப்பதாகக் கேள்வி. அந்தச் செய்தியைக் கல்லில் இரண்டு வரியாகச் சேர்க்க வேண்டும் என்று இளைஞர் ஐக்கியம் எழுதிக் கொடுத்திருக்கிறது. கல்லின் அடியில் அதற்கு இடமும் இருக்கிறது. சபைச் சங்கம் இன்னும் பதில் சொல்லவில்லை.